ஆசைக்கு வாங்குற ஓவியத்துக்கு முதலீடுன்னு பேர் வைக்காதீங்க



போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்தது. எழுதினது பெங்களூர்ல ஐடி வேலையில இருக்கிற ஒரு தம்பி. சொந்த ஊர் நம்ம காரமடை பக்கம்தான்.

"அண்ணா, எங்கப்பா உங்க வீடியோ ஒண்ணு விடாம பார்ப்பாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாரு. ரிட்டயர்மென்ட் பணத்துல 3 லட்சம் எடுத்து ஆன்லைன் ஏலத்துல ஒரு படம் வாங்கப் போறேன்னு நிக்கிறாரு. கலர் கூட இல்லீங்கண்ணா, கறுப்பு மையில கிறுக்கின மாதிரி ஒரு பேப்பர். கேட்டா, இது நல்ல இன்வெஸ்ட்மென்ட்டுன்னு உங்க வீடியோவையே எடுத்துக் காட்டுறாரு. தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லுங்க."

என் வீடியோவை எடுத்துக் காட்டினார்ங்கற அந்த வரி என்னைக் கொஞ்சம் உறுத்துச்சு. போய்த் தேடிப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாற்று முதலீடுகள் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுல ஓவியத்துக்குன்னு மொத்தமே 40 செகண்ட். "இப்பெல்லாம் ஓவியமும் ஒரு அசெட் கிளாஸ்தான், கோடிக்கணக்குல போகுது"ன்னு சொல்லிட்டு வெள்ளிக்குத் தாவிட்டேன். அந்த 40 செகண்டை நம்பி ஒரு மனுஷன் 3 லட்சத்தை எடுத்து வச்சிருக்கார். அதனால இந்தப் பதிவு ஒரு வகையில என் கடன்.

அப்பாவைப் போய்ப் பார்த்தேன். ரங்கநாதர் கோயில் பக்கம் ஒரு பேக்கரியில டீ சொல்லிட்டு உட்கார்ந்தோம். மனுஷன் அரசுப் பள்ளியில 31 வருஷம் டிராயிங் மாஸ்டரா இருந்தவர். உட்கார்ந்ததும் போனை எடுத்து அந்தப் படத்தைப் பெருசாக்கிக் காட்டினார். "பாருங்க தம்பி, இந்தக் கோடு எங்க ஆரம்பிச்சு எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. நடுவுல பேனாவை எடுக்கவே இல்ல. நான் இதை போர்டுல எத்தனையோ தடவை முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேன், வந்ததே இல்லீங்க."

ஓவியர் ஆதிமூலம்.

பேர் கேட்டதும் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களும் அவர் கோட்டைப் பார்த்திருப்பீங்க. கே.எம். ஆதிமூலம் 1938-இல் திருச்சி மாவட்டம் கீராம்பூர்ல பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில படிச்சு 1966-இல் வெளியே வந்தார். 1969 காந்தி நூற்றாண்டு சமயத்துல காந்தியை மட்டுமே வச்சு ஏறத்தாழ நூறு கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் வரைஞ்சார். அதுதான் அவர் பேரை நாடு பூரா கொண்டுபோனது. அப்புறம் ராஜாக்கள் வரிசை, அதுக்கும் அப்புறம் பெரிய கேன்வாஸ்ல வண்ண அரூப ஓவியங்கள். ஆனா சாதாரணத் தமிழ் வாசகனுக்கு அவர் கறுப்பு மைக்காரர்தான். சிற்றிதழ் அட்டைகள், புத்தகத் தலைப்பு எழுத்துகள், எல்லாத்துக்கும் மேல ஜூனியர் விகடன்ல கி.ரா. எழுதின 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் போட்ட படங்கள். 2008 ஜனவரியில காலமானார்.

நம்ம மாஸ்டர் அந்த ஜூனியர் விகடன் பக்கங்களை வெட்டி ஒரு பழைய ரெக்கார்டு நோட்டுல ஒட்டி வச்சிருக்காராம். "அப்ப எனக்கு வேலை இன்னும் பர்மனென்ட் ஆகல. படத்துக்காகத்தான் வாங்குவேன். கதையை அப்புறம் படிப்பேன்"னு சொன்னார்.

இங்கேயே எனக்கு விஷயம் பாதி புரிஞ்சுபோச்சு. இருந்தாலும் என் வேலை கணக்கு. அதை முதல்ல பார்த்துடுவோம்.

3 லட்சத்துக்கு ஏலம் கேட்டா, 3 லட்சமா கட்டணும்?

மாஸ்டர் நினைச்சது இதுதான்: கையில 3 லட்சம் இருக்கு, அதனால 3 லட்சம் வரைக்கும் ஏலம் கேட்கலாம். முதல் தப்பே இங்கதான் இருக்கு. அவர் மேல குத்தமில்லை, ஏலத்துக்குப் புதுசா போற எல்லாரும் பண்றதுதான்.

ஏலத்துல சுத்தியல் தட்டுற விலை ஒண்ணு, நீங்க கட்டுற விலை இன்னொண்ணு. சுத்தியல் விலைக்கு மேல வாங்குறவர் கமிஷன்னு ஒண்ணு உண்டு. பெரிய ஏல நிறுவனங்கள்ல இது 20 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கும். 20-ன்னே வைங்க, 60,000 ரூபாய். அதுக்கு மேல ஜிஎஸ்டி. கையால வரைஞ்ச ஓவியங்களுக்கு 2025 செப்டம்பர்ல வரி 12-லேருந்து 5 சதவீதமாக் குறைஞ்சது நல்ல விஷயம்தான். ஆனா எதுக்கு எவ்வளவு வரி போடுவாங்கங்கறது விற்கிறவர் யாருங்கறதைப் பொறுத்தும் ஏல விதிகளைப் பொறுத்தும் மாறும். சுமாரா 20,000 போட்டுக்கலாம். பேக்கிங், இன்சூரன்ஸோட அனுப்புற செலவு, இங்க வந்து நல்ல ஃபிரேம், இதுக்கெல்லாம் ஒரு 10,000. ஆக 3 லட்சத்துக்குத் தட்டின படம் வீட்டுச் சுவருக்கு வரும்போது 3,90,000.

இனி விற்கிற பக்கம் வாங்க. பத்து வருஷம் கழிச்சு அதே மாதிரி ஏலத்துல விடுறீங்க. இப்ப விற்கிறவர் கமிஷன். 10 சதவீதம்னு வச்சா, போட்ட 3,90,000-ஐத் திருப்பி எடுக்கவே சுத்தியல் விலை 4,33,000-க்கு மேல போகணும். அதாவது 44 சதவீதம் ஏறினாத்தான் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லைங்கற இடத்துக்கே வருவீங்க.

அதே 3,90,000-ஐ 7 சதவீத கூட்டு வட்டியில பத்து வருஷம் ஒரு எஃப்டி-ல போட்டிருந்தா சுமார் 7,67,000. ஓவியம் இதுக்கு ஈடு கொடுக்கணும்னா 8,52,000-க்குத் தட்டணும். 3 லட்சத்துலேருந்து 8,52,000. வருஷத்துக்கு 11 சதவீத வளர்ச்சி, பத்து வருஷமும் விடாம. இன்னொரு தடவை சொல்றேன், சாதாரண எஃப்டி-யைத் தொடறதுக்கே படத்தோட விலை வருஷம் 11 சதவீதம் ஏறியாகணும். அந்தப் பத்து வருஷத்துல வட்டி வராது, வாடகை வராது, டிவிடெண்ட் வராது. அவசரத்துக்கு நகையை பேங்க்ல வச்சு அன்னைக்கே பணம் எடுத்துட்டு வந்துடலாம். ஆதிமூலத்தோட ஓவியத்தைத் தூக்கிக்கிட்டுப் போனா எந்தக் கிளை மேனேஜர் கடன் தருவார், நீங்களே சொல்லுங்க.

கமிஷன் சதவீதமெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உங்க ஏலத்தோட விதிகளைப் படிச்சு உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. முடிவு பெருசா மாறாது.

"அப்ப 118 கோடிக்குப் போச்சுங்கறாங்களே?"

மாஸ்டர் கேட்ட அடுத்த கேள்வி இது. நியாயமான கேள்வி. 2025 மார்ச்ல நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்துல எம்.எஃப். ஹுசைனோட 'கிராம யாத்ரா' ஏறத்தாழ 1.38 கோடி டாலருக்கு, நம்ம பணத்துல சுமார் 118 கோடிக்குப் போச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல சாஃப்ரன்ஆர்ட் ஏலத்துல வி.எஸ். கைதொண்டேயோட ஒரு ஓவியம் 67 கோடி. இதெல்லாம் உண்மைதான்.

ஆனா கிராம யாத்ராவோட கதையை முழுசாப் பாருங்க. டெல்லிக்கு வேலையா வந்த ஒரு நார்வே டாக்டர், 1954-இல் அதை வாங்கினப்போ விலை சுமார் 1,400 ரூபாய். அவர் அதை ஆஸ்லோவுல ஒரு ஆஸ்பத்திரிக்கு விட்டுட்டுப் போனார். அங்க அது பல பத்து வருஷம் தொங்கிக்கிட்டு இருந்தது. 71 வருஷம் கழிச்சு 118 கோடி. வாங்கின மனுஷன் அதுல ஒரு ரூபாய் கூடப் பார்க்கல. வித்த பணம் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகுதுன்னு சொன்னாங்க. சந்தோஷம். ஆனா 62 வயசுல ரிட்டயர்மென்ட் பணத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நமக்கு 71 வருஷக் கணக்கு எதுக்கு?

இன்னொண்ணு, 1954-இல் டெல்லியில ஹுசைன் மட்டுமா வரைஞ்சுக்கிட்டு இருந்தார்? அன்னைக்கு அதே மாதிரி 1,400-க்குப் போன மத்த ஓவியங்கள் இன்னைக்கு எங்க இருக்குன்னு யாரும் செய்தி போட மாட்டாங்க. லாட்டரி அடிச்சவர் போட்டோதான் பேப்பர்ல வரும்.

அப்புறம் இதெல்லாம் கேன்வாஸ்ல எண்ணெய் வண்ணம். ஒரே ஓவியரோட படமா இருந்தாலும் காகிதத்துல இருக்கிறது கேன்வாஸை விடக் குறைச்சலாப் போகும், மை ஓவியம் வண்ண ஓவியத்தை விடக் குறைச்சலாப் போகும். இது தரத்தைப் பத்தின பேச்சில்லை, சந்தையோட பழக்கம். பம்பாய்க் குழு ஓவியர்களுக்கு உலகம் பூரா போட்டி போட ஆள் இருக்காங்க. சென்னைக் குழுவுக்கு அந்த அளவு கூட்டம் இன்னும் சேரல. நம்ம கோயமுத்தூர்ல பிறந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கி வச்சவர். படம் விற்குமான்னு தெரியாத காலத்துல, பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் வித்த காசுலதான் அந்த ஓவியர்கள் கடற்கரையோரம் நிலமே வாங்கினாங்க. ஓவியருக்கே படம் வித்து வீடு கட்ட முடியாத சந்தைங்க அது. (அந்த நிலத்தோட இன்னைய மதிப்பு என்னன்னு என் மூளை உடனே கணக்குப் போடுது பாருங்க, தொழில் புத்தி போகாது.)

செய்தியைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு சூட்சுமம் இருக்கு. ஏலத்துக்கு முன்னாடி "இத்தனையிலேருந்து இத்தனை வரை"ன்னு ஒரு மதிப்பீடு போடுவாங்க. அதுல கமிஷன் இருக்காது. ஏலம் முடிஞ்சதும் அறிவிக்கிற விலையில பெரும்பாலும் கமிஷன் சேர்ந்திருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "எதிர்பார்த்ததை விட அதிகம்"னு தலைப்பு போட்டா படிக்க நல்லாத்தான் இருக்கும். வித்தவர் கைக்கு வந்தது வேற தொகை. விலை போகாம திரும்பின படங்களைப் பத்தி அந்தச் செய்தியில ஒரு வரி கூட இருக்காது.

மண்டி ஏலமும் இதுவும் ஒண்ணில்லை

நம்ம ஆளுங்களுக்கு ஏலம் புதுசு கிடையாது. மேட்டுப்பாளையம் மண்டியில உருளைக்கிழங்கு ஏலம் பார்க்காதவங்க யாரு? அங்க இன்னைக்கு ஒரு மூட்டை என்ன விலைக்குப் போச்சோ, அதே தரத்துச் சரக்கு நாளைக்கும் கிட்டத்தட்ட அந்த விலைக்குப் போகும். வாங்க நூறு பேர் இருக்காங்க, சரக்கு ஒரே மாதிரி.

ஓவிய ஏலத்துல சரக்கு ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேர் அடம்பிடிச்சா விலை பறக்கும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் அன்னைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிட்டா, அதே படம் அடிமட்ட விலையில நிக்கும். நீங்க ஜெயிச்ச அந்த நிமிஷத்தை யோசிங்க. அந்த விலை கொடுக்கத் தயாரா இருந்த ஒரே ஆள் நீங்கதான், நீங்க வாங்கிட்டீங்க. மிச்சம் இருக்கிறது உங்களுக்கு முந்தின விலையில நின்னவர். நாளைக்கே விற்கணும்னா அவரைத்தான் தேடிப் போகணும்.

திருப்பி வாங்க யார் இருக்காங்கங்கற கேள்வியை நாம கேட்காம விட்டதால என்ன ஆச்சுன்னு கொங்கு நாட்டுக்காரனுக்கு நான் சொல்லணுமா? 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. குஞ்சு கொடுத்தவங்களே முட்டையையும் வாங்கிக்குவோம்னாங்க. அவங்களை விட்டா வாங்க வேற ஆளே இல்லை. ஓவியம் ஈமு மாதிரி ஏமாத்து வேலை இல்லை, அதை நான் சொல்ல வரல. ஆனா ஓவியத்தை "திட்டமா" மாத்தி வித்தவங்களும் இருந்தாங்க. ஓசியான்ஸ் ஆர்ட் ஃபண்டுன்னு 2006-இல் ஆரம்பிச்சு 100 கோடிக்கு மேல திரட்டினாங்க, மூணு வருஷத் திட்டம். 2009-இல் கெடு வந்தப்போ சொன்ன நேரத்துக்குப் பணம் போய்ச் சேரல. 2013-இல் செபி தலையிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியதாச்சு. ஓவியங்களெல்லாம் நிஜம்தான். கேட்ட நேரத்துக்குக் காசா மாறலை, அவ்வளவுதான்.

வரி பத்தி சுருக்கமா. வீட்டு சோபாவை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது, அது சொந்த உபயோகப் பொருள். சுவர்ல மாட்டின ஓவியமும் அப்படித்தான்னு பலர் நினைக்கிறாங்க. இல்லைங்க. ஓவியம், கோட்டோவியம், சிற்பம் இதையெல்லாம் அந்தச் சலுகையிலேருந்து சட்டம் எப்பவோ எடுத்துடுச்சு. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபத்துல 12.5 சதவீதம், பணவீக்கக் கழிவு இல்லை. அதனால பில்லைத் தொலைச்சுடாதீங்க. பிள்ளைக்குக் கொடுத்தா பிரச்சனை இல்லை. உறவு இல்லாத ஒருத்தர் 50,000-க்கு மேல மதிப்புள்ள ஓவியத்தைப் பரிசாக் கொடுத்தா, வாங்குறவருக்கு அது வருமானம்.

மாஸ்டர் கணக்கு நோட்டை மூடினார்

இவ்வளவும் பேப்பர்ல போட்டுக் காட்டினேன். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா பார்த்தார். ரொம்ப நேரம் பேசல. டீ ஆறிப்போச்சு. அப்புறம் சொன்னார்: "அப்ப இன்வெஸ்ட்மென்ட்டுன்னு சொல்ல முடியாதுங்களா?"

"முடியாதுங்க சார்."

"அப்ப வீட்ல நான் என்னன்னு சொல்றது?"

நண்பர்களே, இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

அவருக்கு அந்தப் படம் வேணும். நாற்பது வருஷமா மனசுல இருக்கிற கோடு அது. ஆனா "எனக்கு இது பிடிச்சிருக்கு, 3 லட்சம் செலவு பண்ணி வாங்கிக்கறேன்"னு சொல்ற வார்த்தை நம்ம வீடுகள்ல இல்லை. அதனால அதுக்கு முதலீடுன்னு ஒரு சட்டையை மாட்டி விட்டார். அந்தச் சட்டையைத் தச்சுக் கொடுத்ததுல என்னை மாதிரி ஆளுங்களுக்கும் பங்கு இருக்கு. எதை எடுத்தாலும் ரிட்டர்ன் எவ்வளவு, சிஏஜிஆர் எவ்வளவுன்னு கேட்டுக் கேட்டு, மனுஷன் தன் ஆசையைக் கூட சதவீதத்துல சொன்னாத்தான் வீட்ல மதிப்புங்கற நிலைமைக்குக் கொண்டுவந்துட்டோம்.

நம்ம ஊர்ல யாரும் செலவே பண்றதில்லையா என்ன? மண்டபம், ஜிமிக்கி வேலைப்பாடு வச்ச மேடை, ஆயிரம் இலை, ட்ரோன் கேமரா. ரெண்டு நாள்ல எத்தனை லட்சம் கரையுதுன்னு உங்களுக்கே தெரியும். அதை யாராவது முதலீடுன்னு சொல்றோமா? செலவுன்னு தெரிஞ்சே, சந்தோஷமாப் பண்றோம். அதே வீட்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சுவர்ல மாட்ட ஒரு படம் கேட்டா பித்துப் பிடிச்சுருச்சுங்கறோம்.

என் கருத்து இதுதான். முதலீடுன்னா வேண்டாம். ஆசைன்னா, கணக்கு இடம் கொடுத்தா, தாராளமா வாங்குங்க. ஆனா ரெண்டுக்கும் பணம் எடுக்கிற பை வேற. முதலீடுன்னு நினைச்சா கையில இருக்கிறதுல பெரும்பகுதியைப் போடத் தோணும், நஷ்டம் வந்தா தூக்கம் போகும். ஆசைன்னு ஒத்துக்கிட்டா, இந்தப் பணம் திரும்பி வரலைன்னாலும் என் மருந்துச் செலவுக்கும் மாசச் செலவுக்கும் பிரச்சனை இல்லைங்கற தொகையோட நின்னுக்குவோம்.

மாஸ்டர் விஷயத்துல பார்த்தோம். பென்ஷன் வருது. ஒரு வருஷச் செலவுக்கான பணம் தனியா இருக்கு. ரெண்டு பேருக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கு, கடன் கிடையாது, மகள் கல்யாணம் முடிஞ்சது. இத்தனையும் இருக்கிற மனுஷனைப் போய் வாங்காதீங்கன்னு சொல்ல நான் யாரு? அதே சமயம் பென்ஷன் இல்லாத, கையில 12 லட்சம் மட்டும் இருக்கிற ஒருத்தர் இதே கேள்வியைக் கேட்டா, ஆதிமூலத்தோட புத்தகம் ஒண்ணு வாங்கி வச்சுப் பாருங்கன்னுதான் சொல்வேன். படம் அதேதான், கேட்கிறவர் நிலைமைதான் வேற.

தம்பிகிட்டயும் போன்ல பேசினேன். "உங்கப்பா பணத்தை வீணாக்கல. செலவு பண்றார். செலவுன்னு தெரிஞ்சே பண்றார். இதுல நீங்க கோவிச்சுக்க ஒண்ணுமில்லை"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவரு எதுக்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லீங்கண்ணா"ன்னார்.

வாங்குறதுன்னு ஆயிட்டா

முதல்ல பின்னாலேருந்து கணக்குப் போடுங்க. மொத்த பட்ஜெட் 3 லட்சம்னா, மேல சொன்ன செலவெல்லாம் போக, ஏலத்துல நீங்க நிக்க வேண்டிய இடம் 2,30,000. இதை ஒரு பேப்பர்ல எழுதிக் கண்ணுக்கு முன்னாடி ஒட்டிக்குங்க. ஏல நேரத்துல "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னு கை தானா போகும்.

அடுத்தது, அது அசல் மை ஓவியமா, அச்சான்னு பார்க்கணும். ஆதிமூலத்தோட கோட்டோவியங்கள் பத்திரிகையிலயும் புத்தகத்துலயும் நிறைய அச்சானவை. அச்சுப் படத்தை நல்ல ஃபிரேம்ல போட்டுக் கொடுத்தா சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நகைக்கடையில வச்சிருக்கிற மாதிரி ஒரு பூதக்கண்ணாடியில பார்த்தா பல அச்சுகள்ல சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அசல் மையில புள்ளி இருக்காது. பேனா நின்ன இடத்துல மை கொஞ்சம் தேங்கியிருக்கும், வேகமா இழுத்த இடத்துல மெலிஞ்சிருக்கும். மாஸ்டருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கல, அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கையெழுத்து இருக்குங்கறது மட்டும் ஆதாரம் ஆகாது. யார் கையிலேருந்து யார் கைக்கு வந்தது, எந்த கேலரி பில், எந்தக் கண்காட்சிக் கையேட்டுல வந்தது, இதெல்லாம் எழுத்துல வேணும். காகிதத்தோட நிலைமை பத்தி ஏல நிறுவனத்துகிட்ட அறிக்கை கேளுங்க. பழுப்புப் புள்ளி, கிழிசல், பின்னாடி அட்டையில பசை போட்டு ஒட்டியிருக்கான்னு கேளுங்க. கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்க, கேட்காதவங்களைத்தான் அவங்களுக்குப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்தப்புறம் ஒரே ஒரு கெஞ்சல். லேமினேட் பண்ணிடாதீங்க! ரேஷன் கார்டுலேருந்து பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட் வரைக்கும் லேமினேட் பண்ற ஜாதி நாம. மை ஓவியத்தை லேமினேட் பண்ணினா அன்னையோட அதோட விலை முடிஞ்சது. அமிலம் இல்லாத அட்டை வச்சு, கண்ணாடி காகிதத்துல ஒட்டாம இடைவெளி விட்டு ஃபிரேம் போடணும். வெயில் நேரா படுற சுவரும் வேண்டாம், குளியலறைக்கு அடுத்த ஈரச் சுவரும் வேண்டாம். மலையடிவாரம் வேற, மழைக்காலத்துல நம்ம வீட்டுச் சுவரெல்லாம் எப்படி ஓதம் காக்கும்னு தெரியுமில்ல. புத்தகப் பூச்சி இருக்கான்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பின்பக்கம் பாருங்க.

அதோட, நீங்க வாங்குறது காகிதத்தை மட்டும்தான். அந்தப் படத்தை காலண்டர்ல போட்டு விற்கிற உரிமை உங்களுக்கு வராது. காப்புரிமை ஓவியர் குடும்பத்துக்குத்தான், ஓவியர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம். ஆதிமூலம் விஷயத்துல 2068 முடியற வரைக்கும். இன்னொண்ணும் பலருக்குத் தெரியாது. நம்ம காப்புரிமைச் சட்டத்துல 53ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல மறுவிற்பனை ஆனா, வரைஞ்சவருக்கோ வாரிசுக்கோ அதுல ஒரு பங்கு கேட்க உரிமை உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். ஆனா அது தானா வீடு தேடி வராது, குடும்பம் முறையிட்டு வாங்கணும். ஏலச் செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். வாங்கினவர் கணக்கு, வித்தவர் கணக்கு, நடுவுல கமிஷன் கணக்கு எல்லாம் தெளிவா இருக்கு. கோடு போட்டவர் வீட்டுக்கு என்ன போச்சுன்னு எந்தத் தலைப்புலயும் வர்றதில்லை.

அந்தப் படம் என்ன விலைக்குப் போச்சுன்னு சிலர் கேட்பீங்க. எழுத மாட்டேன். எழுதினா அதுவும் ஒரு டிப்ஸ் ஆயிடும்.

ஏலத்தன்னைக்கு சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். தம்பி பெங்களூர்லேருந்து வீடியோ கால்ல இருந்தார். பேப்பர்ல 2,30,000-ன்னு மாஸ்டர் கையால கொட்டை எழுத்துல எழுதி டிவிக்குக் கீழ ஒட்டியிருந்தார், எழுத்து மட்டும் அச்சு மாதிரி இருந்தது. கடைசி ரெண்டு நிமிஷத்துல யாராவது கேட்டா நேரம் நீளும். நீண்டுக்கிட்டே போச்சு. விலை அந்தப் பேப்பரைத் தாண்டினப்போ மாஸ்டர் போனைக் கீழே வச்சுட்டு, "போதும் தம்பி"ன்னு எழுந்து டீ போடச் சொன்னார்.

ரெண்டு நாள் கழிச்சு தம்பி எனக்கு போன் பண்ணினார். "அப்பா சரியாவே பேச மாட்டேங்கறாருங்கண்ணா. நான் ஒரு அம்பதாயிரம் சேர்த்துப் போட்டிருக்கலாமோ?"

நான் ஒண்ணும் சொல்லல. 3 லட்சம் இப்ப மூணு மாச டெபாசிட்ல கிடக்கு. அடுத்த ஏலத்தோட பட்டியல் வந்தா தனக்கும் அனுப்பச் சொல்லி தம்பி மெயில் ஐடி கொடுத்திருக்கார்.